சிவப்புக் கோட்டில் ஒரு திருட்டு

அத்தியாயம் 7

சுவரை முழுசாக மறைத்துத் தொங்கிய அந்தத் திட்டப் படத்தை நான் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"தொடாதீங்க!"

"தொடலை சார். விரிச்சா ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாமேன்னு பார்த்தேன்."

அண்ணி என்னை முறைத்தார். என் அண்ணன் மனைவியான அவர்தான் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குத் தலைவி. பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கும். வாடகை பாக்கிக்காகக் கட்டட உரிமையாளர் திட்டும்போது மட்டும் என் பெயர் வரும்.

அதட்டியவர் திட்ட மேலாளர். பாதி எழும்பி நிற்கும் பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றைக் கட்டி முடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. வெளியே நூறு பேர் சட்டையில் சிமெண்ட் இருந்தது. இவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு இருந்தது. தளத்தில் முதுகுக்குப் பின்னால் இவருக்கு வைத்த பெயர் 'சிவப்புக்கோடு'. ஐந்து நிமிடம் பேசியதில் அது மரியாதையான பெயர் என்று எனக்குப் பட்டது. நானாக இருந்தால் வேறு வைத்திருப்பேன்.

"உங்களுக்கெல்லாம் புரியற மாதிரி சொல்றேன்" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்களை நான் இதுவரை நம்பியதில்லை.

"ஒவ்வொரு கட்டமும் ஒரு வேலை. மொத்தம் நூத்திப் பன்னெண்டு. எது முடிஞ்சாத்தான் எதை ஆரம்பிக்கலாம்னு அம்புக்குறி சொல்லும். ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் அம்புக்குறியைப் பிடிச்சுக்கிட்டே போனா பல வழி கிடைக்கும். எல்லாத்துலயும் நீளமான வழி எதுவோ, அதான் க்ரிட்டிக்கல் பாத். சிவப்புல போட்டிருக்கேன். அதுல ஒரு நாள் போச்சுன்னா மொத்த ப்ராஜெக்டுக்கும் ஒரு நாள் போச்சு. மத்த வேலைக்கெல்லாம் ஃப்ளோட் உண்டு."

"ஃப்ளோட்னா?"

"கையிருப்பு நாள். நாலு நாள், பத்து நாள் தள்ளிப் போனாலும் குடி முழுகிடாது. இதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் விளங்கும்."

"எங்க அண்ணன் ஆபீசுக்குக் கிளம்பறதுல மொத்தமே ஃப்ளோட்தான் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்புக்குப் படத்தில் கட்டம் ஒதுக்கவில்லை போலிருக்கிறது.

விஷயம் இதுதான். போன வாரம் திங்கட்கிழமை காலை, ஸ்டோரிலிருந்து பாய்லரின் பாதுகாப்பு வால்வு காணாமல் போயிருந்தது. அழுத்தம் மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியேற்றும் இரும்புச் சாமான். அது இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்க முடியாது. பற்றவைக்க வேண்டிய நாள் அந்தப் புதன்கிழமை. தயாரிப்பாளரிடமிருந்து வேறொன்று வர இரண்டு வாரம். பூட்டு உடையவில்லை. ஆகவே ஸ்டோர் கீப்பரம்மாதான் திருடி என்று சிவப்புக்கோடு அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு முதலாளி வந்து போலீஸ் புகாரில் கையெழுத்துப் போடுவார். அதற்கு முன் வெளியாள் ஒருவர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் புகாருக்கு எடை கூடும் என்றுதான் அண்ணியைக் கூப்பிட்டிருந்தார்கள். நேரம் இரண்டரை.

"வால்வுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?" என்றார் அண்ணி.

"தாமிரக் கம்பிச் சுருள். பன்னெண்டு."

"அதுல எத்தனை போச்சு?"

"ஒண்ணுகூடப் போகலை."

"இரும்புக் கடைக்காரன் தாமிரத்தைப் பார்த்தா எழுந்து நின்னு கும்பிடுவான். இந்த வால்வைப் பார்த்தா போய்ட்டு வாங்கம்பான்" என்றேன். "என்ன திருடி சார் இவங்க?"

"அதான் பாயிண்ட்! போன மாசம் அந்தம்மாவைப் பத்துப் பேர் முன்னால கண்டிச்சேன். அந்த வன்மம். பணத்துக்காக எடுக்கலை, என் சிவப்புக்கோட்டைப் பார்த்து அடிச்சிருக்கா." அவர் குரலில் ஏதோ பெருமை இருந்தது. "ஆனா நான் தலையில கை வெச்சுக்கிட்டு உக்காரலை. பாய்லர் நிக்கற இந்தப் பதினாலு நாள்ல தண்ணித் தொட்டியை நிரப்பிச் சோதனை முடிச்சிடறேன். கிடைச்ச நேரத்தை வீணாக்காம இருக்கறதுக்குப் பேர்தான் மேனேஜ்மெண்ட்."

அண்ணி படத்தின் அருகே போனார். தொட்டி என்று எழுதிய கட்டங்களை விரலால் தேடினார். 'தொட்டி கான்கிரீட்', 'பலகை பிரித்தல்'. அங்கிருந்து அம்புக்குறி நேராகப் 'பாய்லர் பற்றவைத்தல்' கட்டத்துக்குள் போய் விழுந்தது.

"தொட்டிச் சோதனைக்குக் கட்டம் காணோமே?"

"சின்ன வேலைம்மா அது. எப்ப வேணா செய்யலாம். ஏகப்பட்ட ஃப்ளோட். எல்லாச் சில்லறையும் படத்துல வராது."

"கழிவறைக் கண்ணாடி மாட்டறதுக்குக் கட்டம் இருக்கே சார்" என்று காட்டினேன். தொண்ணூற்று ஏழாவது கட்டம். அவருக்கு அப்போது யாரிடமிருந்தோ அவசரமாக ஃபோன் வந்துவிட்டது. மணி மட்டும் அடிக்கவில்லை.

*

ஸ்டோர் கீப்பரம்மா வாசல் காவலர் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கை. ஆலைக்குள் போகும் ஒவ்வொருவரும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"வேலையை விட்டும் நிறுத்திட்டாங்க, தினம் எட்டு மணிக்கு வந்து இங்க உக்காரணும்னும் சொல்லிட்டாங்க" என்றார். "பதினோரு நாளாச்சு. என் பொண்ணு கூடப் படிக்கற புள்ள ஒருத்தி, உங்கம்மா வால்வை எங்க விப்பாங்கன்னு க்ளாஸ்லயே கேட்டிருக்கா. இவ மூணு நாளா ஸ்கூல் போகலை. எனக்கு இன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போறதுகூடப் பெரிசில்லம்மா. திங்கக்கிழமை அவ எப்படி ஸ்கூலுக்குப் போவா?"

அண்ணிக்குக் கண் சிவந்தது. எனக்கும் சிரிப்பு எதுவும் வரவில்லை.

"ஸ்டோர் சாவி எப்பவும் உங்ககிட்டதானா?"

"மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும் மேனேஜர் ரூம் ஆணியில மாட்டணும். அவர் போட்ட சட்டம். சனிக்கிழமையும் மாட்டினேன். இதைச் சொன்னா, 'என்னையே சந்தேகப்படறியா'ன்னு கத்தினார்."

"யார் எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"நினைச்சதையெல்லாம் சொல்லிடலாமாம்மா? என்னைப் பத்தி எல்லாரும் நினைச்சதாலதானே நான் இங்க உக்காந்திருக்கேன்."

அண்ணி அதற்கு மேல் கேட்கவில்லை. காவலரின் பதிவேட்டைப் புரட்டி, போன வாரச் செவ்வாய்க்கிழமை தொட்டியை நிரப்ப வந்த தண்ணீர் லாரிகளின் பக்கத்தில் ஒரு ஃபோன் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

*

முற்றத்தில் வேலை மந்தமாக இருந்தது. பாய்லர் கொட்டகையின் நிழலில் இரண்டு ஃபிட்டர்கள் கால் நீட்டியிருந்தார்கள்.

"தம்பி, காலைல உங்க அண்ணன் குளிக்கப் போனா என்ன ஆகும்?"

"தண்ணி பில் ஏறும்."

"முக்கால் மணி நேரம் ஆகும். பாத்ரூம் வாசல்ல உன்னையும் என்னையும் தவிர யார் நிப்பா?"

"நீங்க நிக்க மாட்டீங்களே அண்ணி. அந்த நேரத்துல துணி மடிச்சு, ஃபோன் பேசி, பேப்பரும் படிச்சிடுவீங்க."

"ஆங். ஒருத்தர் தாமதம் பண்ணா மத்த எல்லாருக்கும் நேரம் கிடைக்குது. இத்தனை நேரம் எல்லாரும் திருட்டால யாருக்கு நஷ்டம்னே கேட்டுட்டு இருக்காங்க. அந்தப் பதினாலு நாள் யாருக்கு லாபம்னு ஒருத்தரும் கேக்கலை."

அண்ணன் குளிக்கிற நேரத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் அவனிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஏற்கனவே அவனுக்குத் தலைக்கனம்.

தொட்டி இரண்டு ஆள் உயரம். மேலே ஏணியில் நின்றபடி கொத்தனார் ஒருவர் நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அருகே மற்ற நாள்களின் கோடுகளும் தேதிகளும். இறங்கி வந்தவர் எங்களைப் பார்த்ததும் பீடியை அணைத்தார்.

"முதல் ஏழு நாள் கான்கிரீட் தண்ணி குடிக்கும். அடுத்த ஏழு நாள் மட்டம் எறங்குதா, எங்கயாவது கசியுதான்னு பார்க்கணும். பதினாலு நாளும் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. வர்ற செவ்வாய்க்கிழமையோட முடியுது."

"நடுவுல திறந்துட்டா?"

"போச்சு. நிரப்பி மறுபடி முதல்லேர்ந்து."

"பாய்லருக்கு எந்தத் தண்ணி?"

"இதே தண்ணிதாம்மா. வேற எங்கிருந்து வரும்?"

அண்ணி தள்ளிப் போய், குறித்து வைத்த எண்ணுக்கு ஃபோன் போட்டார். எனக்குக் கேட்டதெல்லாம், "எப்பங்க?", "கிழமை நல்லா ஞாபகம் இருக்கா?", "அவரே சொன்னாரா?" அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அவர் முகத்தில், குழம்பில் விழுந்த பல்லியைப் பார்க்கிற முகச்சுளிப்பு இருந்தது.

"முதலாளி நேரா இங்க வரட்டும்னு சொல்லு. அந்தம்மாவையும் கூட்டிட்டு வா. கொத்தனாரே, உங்ககிட்ட ஒரு சின்ன நாடகம் இருக்கு."

*

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முதலாளியின் கார் தொட்டியருகே வந்து நின்றது. கதவைத் திறந்துவிடச் சிவப்புக்கோடு ஓடிய வேகத்தில் அந்த ஆலையைக் கட்டியிருந்தால் போன வருடமே முடிந்திருக்கும். முதலாளி இறங்காமலே புகார்த் தாளை நீட்டச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அண்ணி. "வால்வு எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தத் தொட்டிக்கு அடியில கிடக்கு. தண்ணியைத் திறந்துவிட்டா எடுத்துடலாம். கொத்தனாரே, திறங்க."

கொத்தனார் குழாய்ச் சக்கரத்தில் கை வைத்தார்.

"தொட்டிலயா?" சிவப்புக்கோடு சிரித்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "வேண்டாம். அதுக்குள்ள இல்லை."

"எப்படித் தெரியும் சார்?"

"இல்ல... தண்ணி வீணாப் போகும்."

"லாரி வரும் சார். நீங்கதானே சொன்னீங்க, சின்ன வேலை, ஏகப்பட்ட ஃப்ளோட், குடி முழுகாதுன்னு?"

கொத்தனார் சக்கரத்தைத் திருப்பினார். அது கிறீச்சிட்டது. சிவப்புக்கோடு பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சட்டை தொட்டிச் சுவரில் உரசி முதல் முறையாகச் சிமெண்ட் ஆனது.

"அறிவு இருக்காய்யா உனக்கு? தண்ணி எறங்கினா மறுபடி பதினாலு நாள்! மொத்த ப்ராஜெக்டும் போயிடும்!"

ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. கொத்தனார் திருப்பியது எதனுடனும் இணைக்காத பழைய குழாயின் சக்கரம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் இஸ்திரிச் சட்டை போட்டிருந்தது, அவ்வளவுதான்.

"கேட்டீங்களா சார்?" என்றார் அண்ணி முதலாளியிடம். "மொத்த ப்ராஜெக்டும் போகும்னா இந்தத் தொட்டிதான் சிவப்புக்கோடு. ஆனா இவர் படத்துல இந்தப் பதினாலு நாளே இல்லை. மறந்துட்டார். கண்ணாடி மாட்ட ஒரு கட்டம் போட்டவர், இதுக்குப் போடலை."

"நான் சொன்னேங்க" என்றார் கொத்தனார். "திருட்டுக்கு முன்னாடி வியாழக்கிழமையே சொன்னேன், சோதனைக்கு நாள் வேணுமேன்னு. 'கொத்தனார் சொல்லி ப்ராஜெக்ட் பண்ற நிலைமை எனக்கு வரலை'ன்னு விரட்டிட்டாரு."

"விரட்டிட்டு ரூமுக்குப் போய் எண்ணிப் பார்த்தார். பதினாலு நாள் தாமதம், பழி முழுக்க இவர் தலையில. அப்ப ஒரு யோசனை. பாய்லர் வேற காரணத்தால பதினாலு நாள் நின்னா, தொட்டியும் அதே நாள்ல சத்தமில்லாம முடிஞ்சிடும். மறந்தது யாருக்கும் தெரியாது. திரும்ப வர ரெண்டு வாரம் ஆகற சாமானாத் தேடினார். வால்வு. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல சாவி இவர் ரூம் ஆணியில தொங்குச்சு."

"அபாண்டம்!" என்றார் சிவப்புக்கோடு. "திருட்டு தெரிஞ்சது திங்கக்கிழமை. அதுக்கப்புறம்தான் நான் தொட்டியை நிரப்ப முடிவு பண்ணேன்!"

"லாரிக்காரர் சனிக்கிழமைங்கறாரே. சாயங்காலம் நீங்களே ஃபோன் பண்ணீங்களாம். செவ்வாய்க்கிழமை விளிம்பு வரைக்கும் நிரப்பணும்னீங்க. அவர், 'தினம் தண்ணி அனுப்பட்டுமா'ன்னு கேட்டதுக்கு, 'ரெண்டு வாரத்துக்கு ஒரு சொட்டும் எடுக்க மாட்டோம்'னு சொல்லியிருக்கீங்க. அன்னைக்கு உங்க படத்துப்படி புதன்கிழமை பாய்லர் பத்தணும். பத்தாதுன்னு சனிக்கிழமையே உங்களுக்கு யார் சார் சொன்னா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன். அழுக்கான சட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு, வால்வு தன் வீட்டு மொட்டைமாடியில் ஓடாத ஏர்கூலருக்குள் இருப்பதாகத் தரையிடம் சொன்னார்.

ஸ்டோர் கீப்பரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேலை முடிந்தது என்று தோன்றியது. அதுதான் தப்பு.

முதலாளி காரிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்ப, திருட்டே நடக்கலைன்னாலும் தொட்டியால பதினாலு நாள் போயிருக்கும்?"

"ஆமா."

"இப்பவும் அடுத்த புதன்கிழமை பாய்லர் பத்திடும்?"

"பத்திடும் சார்!" என்றார் சிவப்புக்கோடு, அந்தக் குரலில் உயிர் திரும்பியிருந்தது.

"அப்ப திருட்டால எனக்கு ஒரு நாளும் நஷ்டமில்லை. இதை ஏன் பெரிசு பண்ணணும்? இன்னும் சில நாள்தானே, இவரே முடிச்சுக் கொடுக்கட்டும். அந்தம்மாவை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிடுங்க. ஏதோ நடந்தது நடந்துபோச்சு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கணக்குப் போடும் இடத்தில் இரண்டுமே இல்லை. ஒரு பெண் பதினோரு நாள் வாசலில் உட்கார்ந்தது அந்த ஆளின் விரல்களில் எங்கும் வரவில்லை. திருடியவன் மேல் எனக்கு இருந்த அருவருப்பில் பாதியைப் பிடுங்கி முதலாளிக்குக் கொடுத்தேன். அப்படியும் பத்தவில்லை.

"நாளைக்கு வரேங்க" என்றார் ஸ்டோர் கீப்பரம்மா. "ஆனா வால்வுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்ன கையெழுத்து?"

"பாய்லர்ல மாட்டற ஒவ்வொரு சாமானையும் வாங்கிச் சரிபார்த்தேன்னு ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போடணும். பழசோ புதுசோ. இல்லேன்னா பாய்லர் இன்ஸ்பெக்டர் பத்தவைக்க விட மாட்டார்."

"வேற யாராவது போடட்டும்."

"அவங்க ஆபீஸ்ல பதிஞ்சிருக்கறது என் கையெழுத்து. ஆள் மாத்தணும்னா புது விண்ணப்பம். போன தடவை இருபத்தி ரெண்டு நாள் ஆச்சு."

முதலாளி சிவப்புக்கோட்டைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கட்டமும் படத்தில் இல்லை என்று விளங்கியது.

"இப்ப சிவப்புக்கோடு இவங்க வழியாப் போகுது சார்" என்றார் அண்ணி. சிரிக்காமல் சொன்னார்.

முதலாளியின் இன்னொரு காலும் வெளியே வந்தது. "என்னம்மா வேணும் உனக்கு? சம்பளம் போட்டுத் தரச் சொல்லவா?"

"அதை உங்க இஷ்டம்போல செய்யுங்க. எனக்கு ரெண்டு விஷயம். அந்தப் புகார்ல என் பேர் இருக்கற இடத்துல இவர் பேரைப் போட்டு இப்பவே அனுப்புங்க. அப்புறம், ஷிஃப்ட் முடிஞ்சு எல்லாரும் முற்றத்துக்கு வருவாங்க. இவர் அங்க நின்னு சொல்லணும்."

முதலாளி யோசித்த நேரம் அரை நிமிடம் இருக்காது. அடுத்த புதன்கிழமைக்காக அவர் சொந்த மாமாவின் பேரைக்கூடப் புகாரில் எழுதிக் கொடுத்திருப்பார்.

சங்கு ஊதியது. நூறு பேரும் கை கழுவி, டிபன் பாக்ஸுடன் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். சிவப்புக்கோடு ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் ஏறினார்.

"ஒரு சின்ன... தவறு நடந்துடுச்சு" என்றார்.

"திருட்டு தானா நடக்காது சார்" என்றார் ஸ்டோர் கீப்பரம்மா முன்வரிசையிலிருந்து. "யார் எடுத்தாங்கன்னு சொல்லுங்க."

அவர் உதட்டைத் துடைத்தார். அண்ணியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் எடுத்தேன். அவங்க எடுக்கலை."

சட்டைப் பொத்தானுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். கடைசி வரிசையிலிருந்து கொத்தனார் கையை உயர்த்தினார்.

"இங்க கேக்கலை!"

ஸ்டோர் கீப்பரம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, செங்கல் அடுக்கின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லை சார்" என்றார். "கடைசி ஆளுக்கும் கேக்கற வரைக்கும் சொல்லுங்க."